கைதட்டலோடு நிறுத்திய கதை

எதெனில்சாவுக்குச் சாமி வராது. பிளாட்டபோர்மா மேட்டில் இருக்கும் சாமி வீட்டில் முப்பது வருஷமாக இருக்கிறாள். ஒருநாள்கூட அவள்மேல் எந்தச் சாமியும் இறங்கியதில்லை. இறங்காமல் இருப்பதுதான் அவள் வேலையே. அத்தனை பேரும் கண்மூடி ஆடும்போது ஒருத்தியாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா? சாமி வந்தவர் முகத்து வேர்வையைத் துடைக்க வேண்டும், அவிழ்ந்த தலைத்துணியைக் கட்டிவிட வேண்டும், தூணில் மோதப்போகிறவரை இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவளை எகெதி என்பார்கள். வயதில் சின்னவர்களும் பெரியவர்களும் அவளிடம் ஆசி வாங்கிக்கொண்டுதான் கூடத்துக்குள் நுழைவார்கள்.

வார நாட்களில் அவளுக்கு அந்த மரியாதை எதுவும் கிடையாது. விடிந்ததும் ரயில் பிடித்து நகரத்துத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய், சலவைக்கூடத்தில் நிற்பாள். எய்ட்ஸ் நோயாளிகள் கிடந்த மூன்றாம் மாடிப் படுக்கை விரிப்புகளைத் தொட மற்றவர்கள் பயந்த காலத்தில் அவள்தான் கையுறை மாட்டிக்கொண்டு அள்ளிப் போட்டவள். அந்த மாடியிலிருந்து வரும் விரிப்புகளில் அவளுடைய மேட்டு ஆட்களின் பெயர் எழுதிய சீட்டுகள் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். மூட்டை தூக்குகிற இளந்தாரிகள், தையற்காரி ஒருத்தி, சாமி வீட்டிலேயே தீட்சை வாங்கிய இரண்டு பேர். சிலர் நடந்து வெளியே போனார்கள். சிலருடைய விரிப்பு மட்டும் வந்தது.

கணவன் இருந்தான். சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போனவன் வேறொரு துறைமுகத்தில் வேறொருத்தியின் அடுப்பைப் பிடித்துக்கொண்டான். அதைப் பற்றி யாராவது கேட்டால், "அவன் உப்பு அதிகமாப் போடுவான், போனதே நல்லது" என்பாள். அதற்குமேல் அந்தப் பேச்சு வளராது.

அவள் பாடம் எடுக்க ஆரம்பித்ததே ஒரு டாக்டரம்மாவைக் காப்பாற்றத்தான். சுகாதார நிலையத்திலிருந்து வந்த அந்தச் சின்னப் பெண், பலாமரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்து, பையிலிருந்து மரத்தில் செதுக்கிய ஒன்றை எடுத்து நீட்டி, அதில் ஆணுறையை மாட்டிக் காட்டினாள். மீன் விற்கிற கித்தேரியா எழுந்தாள். எழுபது வயது, வாயில் பூட்டு கிடையாது.

"டாக்டரம்மா, இது யாரோடது?"

"மாதிரிக்குத்தான் பாட்டி, மரத்துல செஞ்சது."

"இந்த அளவுல இந்த மேட்டுலயே யாருக்கும் கெடயாது. பொய்யச் சொல்லி எங்களை ஏங்க வைக்காதீங்க!"

சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா கண் கலங்கிப்போனாள். எதெனில்சாவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து முன்னால் வந்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப நான் கேக்கறேன், பதில் சொல்லுங்க. வாசல்ல எஷு நிக்கறாரு. அவருக்குச் சொல்லாம, அவருக்கு உண்டானதக் குடுக்காம, இந்த வீட்டுக்குள்ள எந்தச் சாமியாவது வருமா?"

"வராது" என்றார்கள்.

"அந்த வாசலுக்கே அவ்வளவு காவல்னா, உன் உடம்பு வாசலுக்குக் காவல் வேணாமா? அப்புறம், வெள்ளிக்கெழமையானா ஒஷாலா சாமிக்காக வெள்ளை உடுத்திக்கிட்டு, பொண்டாட்டிய விட்டுத் தள்ளிப் படுக்கத் தெரியுதுல்ல? ஒரு நாள் முழுசா அடக்கத் தெரிஞ்ச உடம்புக்கு, மிச்ச ஆறு நாளும் அரை நிமிஷம் பொறுத்து ஒரு உறை மாட்ட முடியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. கித்தேரியாகூட வாயை மூடிக்கொண்டாள். அதிசயம்தான்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் பலாமரத்தடியில் அவள் பாடம் நடந்தது. பிரசாதச் சோளப்பொரி வைக்கும் மரத்தாம்பாளம் இரண்டு இருக்கும். ஒன்றில் பொரி, இன்னொன்றில் ஆணுறைப் பொட்டலங்கள். இதற்கு மட்டும் சாமி வீட்டின் தலைவி கிளாரிந்தா கொஞ்சம் தயங்கினாள். எதெனில்சாவைவிடப் பதினெட்டு வயது இளையவள், ஆனாலும் எல்லாருக்கும் அம்மா. சோழிகளை உருட்டிப் பார்த்துவிட்டு, "சாமிக்கு ஆட்சேபணை இல்லியாம். தாம்பாளத்தை மாத்தி மட்டும் வச்சிடாதீங்க" என்றாள்.

எதெனில்சாவின் கதைகளில் உச்சம் ஒமோலுவின் கதை. நோயைக் கொடுப்பவரும் எடுப்பவரும் ஒமோலு. அவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். உடம்பெல்லாம் புண். வெளியே தெரியாமல் இருக்கத் தலையிலிருந்து கால்வரை நாரால் ஆன அங்கி. சாமிகள் கூடி ஆடும் விருந்தில் அவரோடு ஆட ஒருத்தரும் வரவில்லை. ஓரமாக நிற்கிறார். அப்போது காற்றுக்காரி இயன்சா வருகிறாள். ஊதுகிறாள். நார் பறக்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள், புண்ணைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் அவர் கையைப் பிடித்து ஆட ஆரம்பிக்கிறாள். ஆடின வேகத்தில் புண்ணெல்லாம் வெள்ளைச் சோளப்பொரியாக வெடித்துத் தெறிக்கிறது. உள்ளே சூரியன்போல ஓர் ஆண்பிள்ளை!

இந்த இடத்தில் கையில் இருக்கும் பொரியை வானத்தில் வீசுவாள். கூட்டம் கைதட்டும். நோயாளியை ஒதுக்காதே என்பதுதான் பாடம், அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் மாடியில் படுத்திருந்த தையற்காரிக்கு அதன்பிறகு ஞாயிறுதோறும் சோறு கொண்டுபோக ஆள் முறைபோட்டார்கள். அதைப் பார்த்து எதெனில்சாவுக்குப் பெருமை தலைக்கேறியது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. கதையை எப்போதும் அதோடு நிறுத்தினாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கெட்டது ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை.

பாடம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது ஜோஸலீத்தா தாம்பாளத்தருகே வந்தாள். தலைமை மேளக்காரன் ஜுவெனாலின் மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். வாராவாரம் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கைப்பிடி பொட்டலம் எடுத்துப் போகிறவள், அன்று கைப்பையிலிருந்து மிச்சம் இருந்ததை எடுத்துத் தாம்பாளத்தில் திருப்பிப் போட்டாள்.

"இனி வேணாம்க்கா. வேற யாருக்காவது ஆகட்டும்."

"ஏண்டி?"

"அவரே வேணாம்னுட்டாரு. புள்ள பெத்துக்கலாங்கறாரு." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆகஸ்ட் திருவிழா முடியட்டும், அப்புறம் பாரு, நீதான் ஞானத்தாய்."

எதெனில்சா சிரித்தாள். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஜோஸலீத்தா அந்தப் பக்கம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடி நோய்க்கு மாத்திரை கொடுக்கும் வரிசையில் ஜுவெனாலை அவள் பார்த்துவிட்டாள். அவன் அவளைச் சலவைக்கூடத்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டுபோய், ஒமோலு பெயரில், மண்ணைத் தொட்டுச் சத்தியம் வாங்கினான். யாரிடமும் சொல்லக்கூடாது. கல்யாணம் ஆனபோது அவள் போய்க் கேட்டாள். "உறை போடறேன்க்கா, சாமி சத்தியமா. சமயம் பாத்து நானே சொல்றேன்" என்றான். அவன் சொன்ன அந்தச் சமயம் வரவேயில்லை. ஆனால் வாராவாரம் ஜோஸலீத்தா பொட்டலம் எடுத்துப் போவதைப் பார்த்து எதெனில்சா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மேளக்கொட்டகைக்குப் போனாள். ஜுவெனால் மேளத்தோலை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா செஞ்சு வச்சிருக்க?"

"கேள்விப்பட்டியாக்கா!" அவன் முகத்திலும் அதே மலர்ச்சி. "போன திங்கக்கெழம அம்மா கையால பொரி நீராட்டு எடுத்துக்கிட்டேன். தலையிலேருந்து கால்வரைக்கும் பொரியக் கொட்டுனாங்க பாரு, உள்ளேருந்து ஏதோ வெளிய போன மாதிரி ஒரு ஒதறல். போயிடுச்சுக்கா. தெரியுது எனக்கு. மாத்திரையெல்லாம் கடல்ல வீசிட்டேன்."

"எவண்டா சொன்னான் போயிடுச்சுன்னு?"

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "நீதாங்க்கா சொன்ன. எத்தினி சனிக்கெழம சொல்லியிருக்க. புண்ணெல்லாம் பொரியாப் போச்சு, உள்ள சூரியன் மாதிரி நின்னாருன்னு. ஒவ்வொரு தடவையும் நான் அழுவேன். எனக்காகத்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

எதெனில்சா பக்கத்தில் கிடந்த மணையில் உட்கார்ந்துவிட்டாள். படிக்காத முட்டாளா அவன்? இல்லை. அச்சகத்தில் வேலை, பேப்பர் படிக்கிறவன். சாமியை முழுசாக நம்புகிறவன், அவ்வளவுதான். சாமியை வைத்துத்தானே அவளும் பாடம் நடத்தினாள்!

"அவகூட… நீராட்டுக்கு அப்புறம்?"

"மூணு நாள்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "அதுக்குள்ள விரதம் ஆரம்பிச்சிருச்சு."

அந்த வீட்டில் ஒமோலுவின் திருவிழாவுக்கு மேளம் அடிப்பவர்கள் முப்பது நாள் மனைவியைத் தொடக்கூடாது. தொட்ட கை தோலைத் தொட்டால் மேளம் சாமியைக் கூப்பிடாது. ஜுவெனால் இதில் மயிரிழை பிசகமாட்டான். அவளுக்குக் கிடைத்த அவகாசம் அது ஒன்றுதான். திருவிழா முடிந்த ராத்திரி விரதம் முடியும்.

"அவகிட்டச் சொல்லுடா. இன்னிக்கே சொல்லு. மாத்திரைய மறுபடி ஆரம்பி."

"இல்லாத நோய எதுக்கு சொல்லணும்? நீயும் சொல்லமாட்ட. சத்தியம் பண்ணிருக்க." அவன் குரல் இறுகியது. "பொரி பொய்யின்னா சொல்ற? அப்ப சாமியும் பொய்யா?"

பொய் என்றால் சாமியைத் தள்ளவேண்டும். மெய் என்றால் ஜோஸலீத்தாவைத் தள்ளவேண்டும். கிளாரிந்தா அம்மாவிடம் போய், பெயரைச் சொல்லாமல், ஒருத்தர் இப்படிச் செய்துவிட்டார் என்று அழுதாள். அம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"திங்கக்கெழமையானா நாப்பது பேருக்குப் பொரி கொட்டறேன். யாருன்னு நான் கேக்கல. மாத்திரைய நிறுத்துன்னு நானும் சொல்லல, சாமியும் சொல்லல. ஆனா அவுங்க நம்பறது உங்க கதைய, எகெதி. நான் குறுக்க வந்து பேசினா பாதிப்பேர் கதைய விடுவாங்க, பாதிப்பேர் மருந்த விடுவாங்க."

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் எதெனில்சா ஒமோலு கதையைச் சொல்லவில்லை. வேறு கதை சொன்னாள், நடுவில் தடுமாறினாள். கித்தேரியா, "எகெதிக்கு வயசாயிருச்சு, அவளுக்கும் பொரி நீராட்டு போட வேண்டியதுதான்" என்று கிண்டல் செய்தாள். சலவைக்கூடத்தில் ஒவ்வொரு விரிப்பையும் உதறும்போது எதெனில்சா சீட்டில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அங்கி வேலைக்கு உட்கார்ந்தாள். வருஷா வருஷம் அது அவள் பொறுப்பு. ஒமோலு வந்து இறங்குபவருக்குப் போர்த்தும் நார் அங்கியை எடுத்து, பழுத்து உதிர்ந்த நாரைக் களைந்து, புது நாரை நனைத்துச் சீவி, தலைப்பகுதியில் சங்குகளை வைத்துத் தைக்க வேண்டும். முகம் ஒரு துளி தெரியக்கூடாது. நார் நெருக்கமாக விழவேண்டும்.

கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. திடீரென்று ஊசியோடு அப்படியே நின்றது. 'அவருக்குத்தான் புண் போயிடுச்சே. சூரியன் மாதிரி ஆயிட்டாரே. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் இதைத் தெச்சுக்கிட்டுக் கெடக்கறேன்?'

முப்பது வருஷம். முப்பது தடவை தைத்தாயிற்று. மரமண்டை! கையைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

சனிக்கிழமை மரத்தடியில் கூட்டம் அதிகம்; திருவிழா நெருங்கினால் வெளியூர்க்காரர்களும் வருவார்கள். ஜோஸலீத்தா இரண்டாம் வரிசையில். ஜுவெனால் சற்றுத் தள்ளி மேளத்தின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். எதெனில்சா ஒமோலு கதையை ஆரம்பித்தாள். விருந்து வந்தது, இயன்சா வந்தாள், நார் பறந்தது, பொரி தெறித்தது. கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்றாள். "இத்தனை நாளும் நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க கை தட்டற எடத்துல கதைய நிறுத்திட்டேன். கதை அங்க முடியல. கித்தேரியா, போன வருஷத் திருவிழாவுல ஒமோலு வந்தாரா?"

"வந்தாரு. என் காலக்கூட மிதிச்சாரு."

"என்ன உடுத்தியிருந்தாரு?"

"இதென்ன கேள்வி, நாருதான்."

"முந்தின வருஷம்?"

"நாரு."

"உங்க அம்மா காலத்துல?"

பின்வரிசையில் ஒருவர், "அழகா ஆனப்புறமும் ஏன் கழட்டல?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டேன். அவரு அழகானது நெசம். பொரி நெசம். யாராவது பொய்யின்னு சொன்னா நாக்க அறுப்பேன். ஆனா நோய் அவரை விட்டுப் போகல. அவரு அதோடதான் இருக்காரு, சாமியாவே இருக்காரு, ஆடறாரு, சாப்பிடறாரு. அடுத்தவங்க மேல படக்கூடாதுன்னு மூடிக்கிட்டே இருக்காரு. சாமியே கழட்டாதத நீ எந்தத் தைரியத்துல கழட்டற?"

கடைசி வார்த்தையை அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தாம்பாளத்தைப் பார்த்துச் சொன்னாள். கயிறு முறுக்கும் சத்தம் நின்றுபோயிற்று. ஜுவெனால் மேளத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, பின்வாசல் வழியாகப் போனான். ஜோஸலீத்தா திரும்பிப் பார்த்தாள். அவன் போன திசையைப் பார்த்தாள், அப்புறம் எதெனில்சாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மலர்ச்சி இல்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வரிசையில் ஜுவெனாலும் ஜோஸலீத்தாவும் நின்றார்கள். இடையில் ஓர் ஆள் நிற்கலாம் போல் இடைவெளி விட்டு நின்றார்கள். அவன் மாத்திரைக்கு, அவள் இரத்தம் கொடுக்க. முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு சோதனை செய்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்லமுடியும் என்றார்கள்.

திருவிழா நடந்தது. ஜுவெனால் அடித்த மேளத்துக்கு ஒமோலு மூன்று பேர்மேல் இறங்கினார். ஜோஸலீத்தா பரிமாறுகிறவர்களில் ஒருத்தி. ஆமணக்கு இலையில் கறுப்பு மொச்சையும் பொரியும் பனையெண்ணெய்ச் சோறும் வைத்து வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டு வந்தாள். எதெனில்சாவின் முன்னால் வந்ததும் கையிலிருந்த இலையைப் பக்கத்துக்காரிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். எதெனில்சாவுக்கு வேறு யாரோ கொடுத்தார்கள். அவள் சாப்பிட்டாள், சாமி சோற்றை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

மூன்று மாதம் ஜோஸலீத்தா சாமி வீட்டுப் பக்கம் வரவில்லை. நவம்பரில் ஒருநாள் காலை, சலவைக்கூடத்துக் கம்பிக் கதவருகே வந்து நின்றாள். கையில் மடித்த காகிதம். எதெனில்சா ஈரக்கையோடு ஓடினாள்.

"ஒண்ணுமில்லன்னு வந்திருச்சு" என்றாள் ஜோஸலீத்தா.

எதெனில்சா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஜோஸலீத்தா அழவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எத்தினி நாளாத் தெரியும் உனக்கு?"

"மூணு வருஷம்."

"வாராவாரம் என் கையில பொட்டலத்தக் குடுத்துச் சிரிச்ச."

"சத்தியம் பண்ணிட்டேன்டி. ஒமோலு பேர்ல."

"அவரு பேர்ல பண்ணின, சரி. உன் கதையில எல்லாரும் அவருக்காகத்தான் அழறீங்க. அவரோட நாரு, அவரோட புண்ணு, அவரோட அழகு." ஜோஸலீத்தா காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "அவரோட ஆடினவ மொதல்ல ஊதிப் பாத்தா. உள்ள என்ன இருக்குன்னு பாத்தப்புறம்தான் கையப் பிடிச்சா. எனக்கு நீங்க ரெண்டு பேரும் பாக்கவே குடுக்கல."

இத்தனை வருஷம் சொன்ன கதை, அதில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று ஒருநாளாவது எதெனில்சா பார்த்ததில்லை.

"இப்ப அவனோட…" என்று இழுத்தாள்.

"வீட்லதான் இருக்காரு. மாத்திரை நான்தான் எடுத்துக் குடுக்கறேன்." ஜோஸலீத்தா திரும்பி இரண்டு அடி நடந்தாள். நின்றாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் ஆடியிருப்பேங்க்கா" என்றாள்.